தீர்மானம் எண் ஒன்பது

மினிட் புத்தகத்தில் இப்படித்தான் எழுதினேன்:
இனயம், சங்கக் கட்டடம்,
ஞாயிறு, இரண்டாம் பூசை முடிந்து.
மொத்த உறுப்பினர் முந்நூற்றுப் பன்னிரண்டு.
வந்தவர் நூற்று நாற்பத்தொன்று.
பொருள்: துணைவிதி பதினேழைத் திருத்துவது.

எழுதாமல் விட்டது:
மூன்று விசிறியில் ஒன்றுதான் சுற்றியது.
ஐஸ் பிளாண்டிலிருந்து அமோனியா வாடை.
ஜன்னலுக்கு வெளியே, உறுப்பினர் அல்லாத பெண்கள்.

அன்றுவரை விதி இது.
இருபத்தைந்து பேர் கையெழுத்திட்டுக் கொடுத்தால்
எந்த விதியையும் கூட்டத்தில் வைக்கலாம்,
வந்தவர்களில் பாதிக்கு மேல் ஒரு கை உயர்ந்தால்
அது மாறும்.
போன வருஷம் அப்படித்தான் மாற்றினார்கள்
கூலிக்குத் தூண்டில் போடுகிறவர்கள்:
கடலில் காணாமல் போனவனின் பங்கு
ஒரு வருஷம் அவன் வீட்டுக்குப் போகட்டும் என்று.
எண்பதுக்கு எழுபது. போட்டுக்காரர்கள் முகம் அன்று நினைவிருக்கிறது.

"இனி அது போதாது" என்றார் தலைவர் செர்வாசியூஸ்.
மூன்றில் இரண்டு வேண்டும்.
வந்தவர்களில் அல்ல, மொத்தத்தில்.
"விதின்னா நங்கூரம், கேட்டியளா.
அடிக்கிற காத்துக்கெல்லாம் இழுபடப்பிடாது."

அவரை மோசமாக எழுத எனக்கு வராது.
அந்தப் புயலுக்குப் பின் ஒன்பது நாள்
சொந்த டீசலில் லட்சத்தீவுப் பக்கம் வரை தேடியவர்.
பத்தாம் நாள் கரைக்கு வந்து
யாரிடமும் பேசாமல் போட்டைக் கழுவிக்கொண்டிருந்தார்,
கழுவ ஒன்றுமில்லாத போட்டை.

எப்ரோன் எழுந்தான். கைலியை மடித்துக் கட்டினான்.
"தூக்கவே முடியாத நங்கூரத்துக்குப் பேரு பாறை."
சிலர் சிரித்தார்கள்.
"பெறவு ஒரு சந்தேகம் வோய்.
இந்தத் திருத்தம் பாஸாக எத்தனை கை வேணும்?"

தலைவர் என்னைப் பார்த்தார்.
நான் புத்தகத்தைப் பார்த்தேன்.
பழைய விதிப்படி, எழுபத்தொன்று.

இரண்டு தடவை எண்ணினேன்.
ததேயுஸ் தூக்கிய கை கொசுவுக்கா தீர்மானத்துக்கா என்று
கேட்டே எழுதினேன்.
தீர்மானத்துக்குத்தானாம்.
ஆதரவு எழுபத்திரண்டு. எதிர்ப்பு அறுபத்தொன்பது.
மூன்றே கை வித்தியாசத்தில்
இனி மூன்று கை போதாது என்று ஆயிற்று.
டீ வந்தது. கலைந்தார்கள்.

ராத்திரி கால்குலேட்டரோடு உட்கார்ந்தேன்.
முந்நூற்றுப் பன்னிரண்டில் மூன்றில் இரண்டு
இருநூற்றெட்டு.
ஆழ்கடலில் நூற்று முப்பது பேர்,
நாற்பது நாளைக்குக் கரை பார்க்க மாட்டார்கள்.
படுக்கையிலும் குவைத்திலுமாக முப்பது.
கூட்டினேன். இன்னும் பதினொன்று குறைந்தது.

பேரேட்டைப் புரட்டிய பிறகுதான் உறைத்தது.
அந்தப் பதினொரு பேர்.
உடல் கிடைக்கவில்லை, எனவே சான்றிதழ் இல்லை,
எனவே பெயரை அடிக்க எனக்கு அதிகாரமில்லை.
சந்தா பாக்கியும் இல்லை:
பிரிஜித்தாள் மாதம் தவறாமல்
மீன் செதிள் ஒட்டிய நோட்டில் கொண்டுவந்து கட்டுகிறாள்,
விட்டால் காப்பீடு போய்விடும் என்று.
ஆக, புருஷன் ஒழுங்கான உறுப்பினர்.
அவளுக்கு ஓட்டில்லை.

அந்த ஒரு வருஷப் பங்கு ஆடியோடு முடிகிறது.
நீட்டிக்கக் கேட்டு இருபத்தைந்து கையெழுத்து
என் மேஜைக்கு ஏற்கெனவே வந்தாயிற்று.
புது விதியில்
வராதவன் கை தூக்காதவன்.
கை தூக்காதவன் வேண்டாம் என்றவன்.

மறுநாள் சந்தா கட்ட வந்தவள்
கவுண்டரில் குனிந்து,
எழுதப் படிக்கத் தெரியாத கண்ணால்
பக்கத்தை உற்றுப் பார்த்தாள்.
"எங்க வீட்டுக்காரரு
எந்தப் பக்கம்னு எழுதியிருக்கு?"

ரசீதுக்குக் கீழே கார்பன் தாளைச்
சரிசெய்துகொண்டிருந்தேன்
ரொம்ப நேரம்.